சத்திரப்பட்டித் துணி போய்ச் சேரும் கால்

ராஜபாளையம் நூலின் ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து ஆலைச் சங்குக்கு விழித்துப் பழகிய ஊர். ஊரை அடுத்த சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் ஓடும் தறிகளில் சேலையோ வேட்டியோ முக்கியமில்லை. அங்கே நெய்வது புண்ணுக்குக் கட்டும் துணி.

அந்தத் துணியின் பிறப்பு கஞ்சியில் தொடங்குகிறது. தறியின் வேகத்தில் அறுந்துவிடாமல் இருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். நெசவும் நெருக்கமாக இருக்காது. வெளிச்சத்தில் பிடித்தால் எதிரே நிற்பவர் முகம் தெரியும். விரலால் தள்ளினால் இழை விலகும். தறியிலிருந்து இறங்கும்போது துணி பழுப்பாக இருக்கும். தண்ணீரில் போட்டால் லேசில் நனையாது. பருத்தியின் இயற்கை மெழுகும் பாவுக்குப் போட்ட கஞ்சியும் நீரை உள்ளே விடுவதில்லை. கஞ்சியை நீக்கி, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து, அலசி உலர்த்திய பிறகுதான் அது சீழையும் ரத்தத்தையும் உறிஞ்சும் மருத்துவத் துணியாகிறது. பிறகு வெட்டி, மடித்து, சுருட்டி, கட்டுக்கட்டாக நாடெங்கும் வெளிநாட்டுக்கும் போகிறது.

பிரசவ அறை, விபத்துப் பிரிவு, அறுவை அரங்கம் என்று அது போகும் இடங்கள் பல. தமிழ்நாட்டில் அது அடிக்கடி போய்ச் சேரும் இன்னோர் இடம், சர்க்கரை நோயாளியின் பாதம். செருப்புக் கடித்த சின்னப் புண்ணாக ஆரம்பித்திருக்கும். நரம்பு மரத்துப்போனதால் அவருக்குத் தெரிந்திருக்காது. ரத்த ஓட்டம் குறைந்ததால் ஆறவும் ஆறாது. நர்ஸம்மா பழைய கட்டைப் பிரிக்கிறார்; உள்மடிப்பு புண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உப்புநீர் விட்டு ஊறவைத்து மெதுவாக எடுக்கிறார். நோயாளி முகம் சுளிக்காமல் பேசிக்கொண்டிருக்கிறார். வலிக்கவில்லை என்பதுதான் அங்கே பயப்பட வேண்டிய விஷயம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கியது 1948-இல். இன்று இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்கிறது 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு. இத்தனை கால்களுக்குத் துணி நெய்து கட்டுப்படியாகாது. துணியின் பயணத்தை நிறுத்த வேண்டிய இடம் ஆஸ்பத்திரி அல்ல, சாப்பாட்டுத் தட்டு.

ராஜபாளையத்திலிருந்து வடக்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் ஊர். சுகர் என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் விடுவது பால்கோவாவை. விடட்டும், சரிதான். ஆனால் அது எப்போதோ ஒரு நாள் வாயில் படுவது. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை என்று மூன்று வேளையும் இறங்கும் மாவுச்சத்தை யாரும் திட்டுவதில்லை. 100 கிராம் வெள்ளைச் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து. அது வயிற்றில் குளுக்கோஸாகத்தான் முடிகிறது. கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் கரிசல் மண்ணின் நல்ல உணவுகள். நார்ச்சத்து உண்டு, ஆனாலும் அந்தத் தானியங்களின் எடையில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். அரிசியை விட்டுவிட்டுக் களியை உருண்டை உருண்டையாக விழுங்கினால் சர்க்கரை இறங்காது.

சென்னை ஆராய்ச்சியாளர்கள் அஞ்சனாவும் வி. மோகனும் குழுவினரும், 18,090 பேரின் உணவுத் தகவல்களை வைத்து 2022-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். புதிதாக நோய் கண்டவர்கள் அதிலிருந்து மீள, நாளின் மொத்தக் கலோரியில் மாவுச்சத்தின் பங்கு 49–54 விழுக்காடாக இறங்கவும் புரதம் 19–20 விழுக்காடாக ஏறவும் வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாட்டில் மாவுச்சத்தின் பங்கு சராசரியாக 62 விழுக்காடு. பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. இரண்டு கரண்டிச் சோற்றின் இடத்தில் ஒரு முட்டையோ மீன் துண்டோ சுண்டலோ வரச் சொல்கிறது. இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் டாக்டர் டேவிட் அன்வின் இதைவிடக் கடுமையாக மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லி, அதை ஏற்ற தன் நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்ததை 2023-இல் எழுதினார். நம் ஊருக்கு அந்த அளவு கடுமை தாங்காது என்பது என் எண்ணம். பந்தியில் உட்கார்ந்து சோறே வேண்டாம் என்பவர் நாலு நாள்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார். பாதியாகக் குறைப்பவர் வருஷக்கணக்கில் நிற்பார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுபவர்களும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்கக் கூடாது. உணவு குறைந்து மருந்து குறையாவிட்டால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன்பும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றபடி நாளை மதியமே தொடங்கலாம். தட்டில் பாதியை அவரைக்காய், புடலங்காய், கீரைக்கு விடுங்கள். கால் பங்குக்குப் பருப்போ முட்டையோ மீனோ. மிச்சமிருக்கும் கால் பங்குதான் சோற்றுக்கு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையை அளந்து, பழைய அளவோடு ஒப்பிடுங்கள். ராத்திரி படுக்கும் முன் இரண்டு பாதங்களையும், விரலிடுக்குகளையும், வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள்.