பந்தைத் தொடும் பாகம் எது? ஒரு கோலின் விலையும் அதன் வரலாறும்

மூன்று மாதங்களாக ஒரு கோலின் நிழற்படம் என் கைப்பேசியில் இருக்கிறது. பூல் ஆட்டத்துக்கான கியூ. அமெரிக்கப் பட்டறையொன்றில், வாங்குபவரின் விருப்பப்படி தனியே கடைந்து தருகிறார்கள். அடிப்பாகம் கருங்காலி; அதில் நான்கு கூர்முனைகளாக ஈட்டி மரம் பதிந்திருக்கும். விலை, ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியில் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்த பிறகும், அதில் முழுதாக மூன்று மாதத் தொகை. சுங்கவரி தனி.

திருவனந்தபுரத்தில் வாரம் இருமுறை ஆடுகிறேன். ஆட்டக்கூடத்தின் பொதுக்கோல்கள் பெரும்பாலும் வளைந்தவை, தோல்முனை தேய்ந்தவை. ஆகவே சொந்தமாக ஒரு கோல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அது இந்தக் கோலாக இருக்க வேண்டுமா என்பதே கேள்வி. சென்ற விடுமுறைக்குச் செங்கல் சென்றபோது, மரவேலை செய்யும் என் மாமாவிடம் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்தார். வேலைப்பாட்டைப் பாராட்டினார். பிறகு, “இதுல பந்தத் தொடுத பாகம் எது மக்களே?” என்று கேட்டார். முனையைச் சுட்டிக் காட்டினேன். “அப்போ காசு எதுக்கு?” என்றார்.

அந்த இரண்டாம் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இந்த ஆட்டக்கோலின் வரலாற்றுக்குள் நுழைந்தேன். அங்குக் கண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலில் சொற்கள். ‘பில்லியர்ட்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல் ‘பியார்’ என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அச்சொல் முதலில் ஆட்டத்தைக் குறிக்கவில்லை. அடிக்கும் கோலையே குறித்தது. அதன் வேர்ச்சொல்லுக்கு மரத்துண்டு என்று பொருள். கோலின் பெயரே ஆட்டத்தின் பெயராயிற்று. ‘கியூ’ என்பதற்குப் பிரெஞ்சில் வால் என்று பொருள். தொடக்கத்தில் ஆடியவர்கள் தடித்த தலையுடைய ஒரு தண்டினால் பந்தைத் தள்ளினார்கள். பந்து மேசையின் விளிம்பை ஒட்டி நின்றால் தலை இடித்தது. அப்போது தண்டைத் திருப்பிப் பிடித்து, மெலிந்த வால்பக்கத்தால் அடித்தார்கள். நாளடைவில் வாலே கருவியாகிவிட்டது, தலை மறைந்தது. இக்கருவியின் வரலாற்றில் முதல் பெருமாற்றமே, கனத்த பகுதியை விட்டு மெல்லிய பகுதியைத் தேர்ந்ததுதான்.

இரண்டாம் மாற்றமும் முனையில்தான் நிகழ்ந்தது. பிரெஞ்சுக் காலாட்படைத் தலைவர் பிரான்சுவா மிங்கோ பாரிஸ் அருகில் பிசேத்ர் சிறையில் இருந்தபோது ஆடிப் பழகி, கோலின் நுனியில் தோல் வட்டு ஒட்டும் முறையைக் கண்டார் என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைப் பற்றி மரபாகச் சொல்லப்படும் செய்தி. மரமுனை பந்தின் நடுவில் பட்டாலன்றி வழுக்கிவிடும், தோல் பற்றிக்கொள்ளும். சில ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் பாத் நகர ஆட்டக்கூடத்தில் மார்க்கராகப் பணிசெய்த கார் என்பவர், தோல்முனையில் சாக்குப் பொடி தடவி, பந்தின் பக்கவாட்டில் அடித்துச் சுழற்றிக் காட்டினார். அப்பொடியை மாயப்பொடி போல விற்கவும் செய்தார் என்பர். இன்று நாம் காணும் சுழல், பின்னிழுப்பு, வளைவு அனைத்தும் ஒரு தோல்துண்டும் ஒரு பொடிக்கட்டியும் தந்தவை. ஒன்றைக் கண்டவர் கைதி. மற்றதைக் கண்டவர் கூலிக்குப் பந்துக்கணக்கு எழுதியவர்.

அப்படியானால் கருங்காலியும் ஈட்டியும் எங்கிருந்து நுழைந்தன? அவை வெறும் அலங்காரமாக வரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கோலின் முன்தண்டு இலேசாகவும் நேராகவும் இருக்க வேண்டும். ஆகவே ஸ்னூக்கர் கோலுக்கு ஆஷ் மரமும் பூல் கோலுக்கு மேப்பிள் மரமும் வழக்கமாயின. முழுக்கோலும் அம்மரமே என்றால் கைக்குப் பின்னால் போதிய எடை இராது. அடர்ந்த, சுருங்காத, வளையாத கருமரத்தை அடிப்பாகத்தில் பிளவு வைத்து இணைத்தால் எடை பின்னுக்கு நகரும், இணைப்பும் உறுதியாகும். அந்தப் பிளவு இணைப்பின் வெளித்தோற்றமே நான்கு கூர்முனைகள். நம்மூர் உலக்கைக்குக் கருங்காலியைத் தேர்ந்த அதே காரணம்தான் இதற்கும். எங்கள் வீட்டில் பாட்டி காலத்துக் கருங்காலி உலக்கை ஒன்று இன்னும் இருக்கிறது. நெல் குத்துவது நின்று பல ஆண்டுகளாகியும் அது கோணவில்லை.

இம்மரங்கள் எங்கள் பக்கத்து மலைகளுக்கு அந்நியமானவை அல்ல. உயர்ந்த கருங்காலிக்கு ஐரோப்பிய வணிகர் ‘சிலோன் எபனி’ என்றே பெயரிட்டார்கள். தென்னிந்தியக் காடுகளிலும் அம்மரம் உண்டு. ஈட்டி மரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம். திருவிதாங்கூர் அரசு தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவற்றை ‘ராஜகீய மரங்கள்’ என்று வகுத்திருந்தது. மரம் பட்டா நிலத்தில் நின்றாலும் அதன் உரிமை அரசுக்கே. 1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்தது, மரத்தின் பெயரைப் பிரிக்கவில்லை. தமிழிலும் மலையாளத்திலும் அது ஈட்டிதான். தமிழில் அதே சொல் எறிபடையையும் குறிக்கும்.

மரத்தை விடவும் கசப்பான வரலாறு தந்தத்துக்கு உண்டு. செயற்கைப் பொருள் வரும்வரை உயர்ந்த ஆட்டப்பந்துகள் யானைத்தந்தத்தில் கடையப்பட்டன. ஒரு தந்தத்திலிருந்து சில பந்துகளே கிடைக்கும். 1860களில் அமெரிக்க வணிகர் தரப்பு மாற்றுப்பொருள் கண்டுபிடிப்போருக்கு 10,000 டாலர் பரிசு அறிவித்ததும், ஜான் வெஸ்லி ஹயட் செல்லுலாய்டை உருவாக்கியதும் நெகிழி வரலாற்றின் முதல் பக்கங்கள். பந்திலிருந்து தந்தம் விலகிய பிறகும் கோலிலிருந்து விலகவில்லை. தோல்முனைக்கு அடியில் வரும் வளையம், இணைப்பு, பதிப்பு வேலை எனத் தனிப்பட்டறைக் கோல்களில் நெடுங்காலம் அது நீடித்தது. தந்தம் உயர்வின் அடையாளம் என்பதைத் திருவிதாங்கூரும் நன்கறிந்திருந்தது. 1851ஆம் ஆண்டின் இலண்டன் பெருங்கண்காட்சிக்கு உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அனுப்பிய தந்த அரியணை விக்டோரியா அரசிக்கு அளித்த பரிசு. இந்தியாவில் 1986, 1991 ஆண்டுகளின் சட்டத்திருத்தங்களுக்குப் பின் தந்த வணிகம் முற்றாகத் தடைப்பட்டது. செதுக்குநர்கள் மரத்துக்கு மாற நேர்ந்தது.

இந்த ஆட்டத்தின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடமுண்டு. 1875இல் ஜபல்பூரில் இளம் படை அதிகாரி நெவில் சேம்பர்லென் தொடங்கிய ஸ்னூக்கருக்கு, 1882இல் உதகமண்டலக் கிளப்பில்தான் விதிகள் எழுத்துவடிவம் பெற்றன. அங்கே கோல்கள் சுவரோரச் சட்டத்தில் வரிசையாக நின்றன. இந்தியர் அக்கூடங்களுக்குள் பெரும்பாலும் மார்க்கர்களாகவே நுழைந்தனர். பந்தை எடுத்து வைத்து, புள்ளி எண்ணி, துரை போனபின் சட்டத்தில் இருந்த கோலை எடுத்துப் பழகினர். அப்படிப்பட்ட இந்திய ஆட்டமரபிலிருந்து 1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். 1973இல் பம்பாயில் அதே பட்டத்தைக் கொழும்பின் எம்.ஜே.எம். லாபிர் வென்றார். மேசையும் கோலும் உரிமையாக இருந்தவர்களின் ஆட்டமாகத் தொடங்கியது, எண்பது ஆண்டுகளில் கை தேர்ந்தவர்களின் ஆட்டமாயிற்று.

கோல் ஒரு சேகரிப்புப் பொருளானது இதற்குப் பிந்தைய கதை. அதன் களம் அமெரிக்கா. ரஷ்யாவில் 1912இல் பிறந்து, 1924இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜார்ஜ் பாலபுஷ்கா என்ற மரவேலைக்காரர் 1959இல் கோல் செய்யத் தொடங்கினார், 1975இல் இறந்தார். இன்று அவர் கோல்களை வயலின் சேகரிப்போர் ஸ்ட்ராடிவேரியைப் பேசும் தொனியில் பேசுகிறார்கள். இரண்டு செய்திகள் இங்கே கவனிக்கத்தக்கவை. அவருடைய கோல்கள் பலவற்றின் பிளவு இணைப்பு அவர் செய்ததன்று. பிறர் இணைத்து விற்ற மரக்கட்டைகளை வாங்கி, கடைந்து, எடை திருத்தி, மெருகிட்டு முடித்தார். இரண்டாவது, அவர் பெயரை உலகறியச் செய்த ‘தி கலர் ஆஃப் மணி’ என்ற 1986ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் பாலபுஷ்கா என்று சொல்லிக் கொடுக்கப்படும் கோல், உண்மையில் ஜாஸ் என்ற நிறுவனத்தின் கோல். திரையில் பார்த்த எவருக்கும் வேறுபாடு தெரியவில்லை.

எதிர்முனையில் ஸ்டீபன் ஹெண்ட்ரி இருக்கிறார். ஏழு முறை உலக ஸ்னூக்கர் பட்டம் வென்ற அவர், அவ்வேழையும் சிறுவயதில் 40 பவுண்டுக்கு வாங்கிய கோலால் வென்றார். 2003இல் விமானப் பயணத்தில் அது உடைந்தது. அதைவிட விலையுயர்ந்த கோல்கள் கைக்கெட்டும் நிலையில் இருந்தும், உடைந்த கோலுக்காக அவர் வருந்தினார். இத்தனை ஆண்டுகள் கையோடு பழகியதே அதன் மதிப்பு.

பௌதிகமும் இதையே சொல்கிறது. தோல்முனை பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பக்கவாட்டில் அடிக்கும்போது எழும் அதிர்வு அந்நேரத்துக்குள் கோலின் முன்பகுதியில் ஒரு சாண் அளவே பயணம் செய்ய முடியும். பந்து குறியிலிருந்து எவ்வளவு விலகும் என்பதை அந்த ஒரு சாணின் எடைதான் பெரிதும் தீர்மானிக்கிறது. 1990களில் முனையெடையைக் குறைத்த முன்தண்டுகளும், பின்னர் கார்பன் இழைத் தண்டுகளும் வந்தது இந்த அறிவினால். அடிப்பாகத்தில் கருங்காலி இருக்கிறதா, கறுப்புச் சாயம் பூசிய மலிவு மரம் இருக்கிறதா என்பதைப் பந்து அறியாது. கை அறியும்: எடை, சமநிலை, பிடியின் பருமன் ஆகியவற்றால். அவை முக்கியமே, ஆனால் அவற்றைச் சரிசெய்யக் கருங்காலி கட்டாயமில்லை.

ஆகவே மாமாவின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். அந்த மூன்று மாதத் தொகையில் சிறுபகுதி ஆட்டத்துக்கு. பெரும்பகுதி அரிய மரத்துக்கும், பதிப்பு வேலைக்கும், செய்தவர் பெயருக்கும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல மரவேலைக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும். கைவினைப் பொருளாக வாங்குபவர் அப்படியே சொல்லி வாங்கலாம். ஆட்டம் உயரும் என்று சொல்லி வாங்கினால்தான் அது தன்னையே ஏமாற்றுவது. அண்மையில் தமிழகமெங்கும் கருங்காலி மாலை விற்றதை நினைத்துப் பாருங்கள். மரத்தின் பெயர் விலையை ஏற்றியது. விலை ஏறியதும் போலிகள் வந்தன.

இன்னொரு தடையும் உண்டு. ஈட்டி மரம் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் ஏறத்தாழ முழுவதும் 2017 ஜனவரி முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நாடுவிட்டு நாடு செல்லும்போது உரிய ஆவணம் தேவைப்படலாம். பழைய கோலில் தந்தம் இருந்தால் இந்தியாவுக்குள் கொண்டுவரும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். நம் மலையின் மரம் கடல் கடந்து போய், கூர்முனையாக மாறி, சுங்கச்சாவடி வழியே நம்மிடமே திரும்புவதற்கு நான் கொடுக்கவிருந்த தொகைதான் அந்த மூன்று மாத உதவித்தொகை.

என் முடிவு இது. அந்தக் கோலை வாங்கப்போவதில்லை. எளிய அடிப்பாகமும், நேரான இணைப்பும், முனையெடை குறைந்த முன்தண்டும் உள்ள ஒரு கோலை அத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குள் வாங்குவேன். நல்ல தோல்முனை இரண்டு சேர்த்து வாங்குவேன். வாங்கும் முன் மேசையில் உருட்டிப் பார்ப்பேன். குறைந்தது ஒரு மணிநேரம் ஆடிப் பார்ப்பேன். எஞ்சும் பணத்தில் இவ்வாண்டுக் களப்பணியை முடிக்கலாம்.

நேற்று மாமாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். பிடியின் பருமன் கைக்குப் பொருந்தாவிட்டால் கொண்டு வா, இழைத்துத் தருகிறேன் என்றார். கூலி பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தனித்துச் செய்த கோல் என்று நான் சொல்லிக்கொள்ள அந்த ஓர் இழைப்பு போதும்.