தறிக்குழியும் முஹ்தஸிபும்

பட்டாடை ஆண்களுக்கு ஹராம், பெண்களுக்கு ஆகுமானது என்பது நம் அரபுக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவனும் அறிந்த சட்டம். பருத்தியோடு கலந்த பட்டுக்கு என்ன தீர்ப்பு, ஆடையின் ஓரத்தில் எத்தனை விரல் அகலம் வரை அனுமதி, தோல் நமைச்சல் கண்டவருக்குச் சலுகை உண்டா என்பன போன்ற கிளைச் சட்டங்களையெல்லாம் ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அணிபவரைப் பற்றிய இத்தனை நுணுக்கங்களையும் நாம் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். ஆனால் அந்த இழை எந்த உயிரிடமிருந்து எடுக்கப்பட்டது, எந்தக் கை அதை நெய்தது என்ற வினாக்கள் நம் வகுப்பறைகளில் எழுவது அரிது. முன்னோர் இவற்றைக் கேட்காமல் இருக்கவில்லை. அவர்கள் கேட்ட இடங்களைச் சின்ன காஞ்சிபுரத்தின் தறிகளோடு வைத்துப் பார்ப்பதே இங்கு நம் நோக்கம்.

காஞ்சி நகரின் கிழக்குப் பகுதி சின்ன காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்திருப்பதால் விஷ்ணு காஞ்சி என்றும் வழங்கும். ஏகாம்பரநாதர் கோயிலை ஒட்டிய பகுதி பெரிய காஞ்சிபுரம். பத்மசாலியர், தேவாங்கர், செங்குந்தர், சௌராஷ்டிரர் ஆகிய சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக இந்நகரில் பட்டு நெய்து வருகின்றனர். பட்டு நூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்தும், சரிகை சூரத்திலிருந்தும் வருவது வழக்கம். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, இழை ஒட்டாமல் பிரித்துக் காயவிடுவர். அந்நேரத்தில் அவ்வழியே வருபவர் ஒதுங்கி நடப்பார். சைக்கிளில் வருபவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். எவரும் எழுதி வைக்காத ஒழுங்கு அது. தெரு என்பது நடப்பவருக்கும் உழைப்பவருக்கும் பொது என்ற எண்ணம் அதில் உண்டு.

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறத்திலும் கரைகள் வேறு நிறத்திலும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு, ஒவ்வோர் ஊடையிலும் ஒன்றோடொன்று பிணைக்கப்படும். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு என மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவர் ஒருவரால் இரு பக்கமும் கையாள இயலாது. எனவே தறியின் ஓரத்தில் இன்னொருவர் அமர்ந்து நாடாவை வாங்கித் திருப்பி எறிய வேண்டியுள்ளது. அந்த இன்னொருவர் நெடுங்காலம் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்து வந்தார். அந்த இடம் குறுகியது. அதற்குக் கொடுக்கப்பட்ட கூலி அதைவிடக் குறுகியது. சொந்தப் பிள்ளை இல்லாத தறிக்கு, அண்டைச் சேரியின் பிள்ளையோ பக்கத்து ஊர்க் கூலிக்காரரின் பிள்ளையோ வந்து சேர்ந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணம் அப்பிள்ளையைத் தறியோடு கட்டியது. நெசவாளியும் பட்டு முதலாளியிடம் கடன்பட்டவரே. கடன் மேலிருந்து கீழிறங்கி, சங்கிலியின் கடைசிக் கண்ணியாக இருந்த பிஞ்சு விரலில் போய் நின்றது. மனித உரிமைக் கண்காணிப்பகம் என்னும் பன்னாட்டு அமைப்பு, இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறாரைப் பற்றி 2003 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் கருநாடகத்தோடும் வாரணாசியோடும் காஞ்சிபுரத்தையும் சேர்த்து எழுதியது.

பட்டு நூலுக்குப் பின்னே இன்னொரு சிற்றுயிரும் உண்டு. ஒரு கிலோ நூலுக்கு ஏழெட்டுக் கிலோ கூடு வேண்டும். எண்ணிக்கையில் அது சில ஆயிரம் புழுக்கள். கூட்டைத் துளைத்துப் பூச்சி வெளிவந்தால் இழை அறுபட்டுவிடும் என்பதால், உள்ளே புழு இருக்கும்போதே கூட்டைச் சூடாக்கிக் கொன்றுவிடுவர். நெருப்பால் வதைக்கும் உரிமை நெருப்பின் அதிபதிக்கே உரியது என்ற நபிமொழியை, எறும்புப் புற்று எரிக்கப்பட்ட நிகழ்ச்சியோடு சேர்த்து நாமெல்லாம் படித்திருக்கிறோம். அப்படியாயின் பட்டுக்கூட்டை வெயிலிலிட்டுப் புழுவைச் சாகவிடுவது கூடுமா? இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களிடமே இக்கேள்வி கேட்கப்பட்டது. வேறு வழியில்லாதபோது, வதைக்கும் எண்ணமின்றிச் செய்தால் குற்றமில்லை என்ற கருத்தில் அவர்கள் விடையளித்ததாக ஹன்பலீ நூல்கள் பதிவு செய்கின்றன. விடை அனுமதிதான். ஆயினும் அதிலுள்ள இரு நிபந்தனைகளையும் கவனிக்க வேண்டும். புழுவின் சாவுக்கும் காரணம் சொல்ல வேண்டும் என்று கருதியவர்கள் அவர்கள். பட்டு நகரமான காஞ்சியிலேயே இதற்கு இணையான குரல் ஒன்றும் எழுந்தது. காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் (1894–1994), உயிர்க்கொலையைச் சுட்டிக்காட்டிப் பட்டைத் தவிர்க்குமாறு தம் அன்பர்களுக்கு எடுத்துரைத்தார். ஹைதராபாத்தைச் சேர்ந்த குசுமா ராஜையா, பூச்சி வெளியேறிய பின் எஞ்சும் கூட்டிலிருந்து நூல் நூற்று அதற்கு அஹிம்சைப் பட்டு எனப் பெயரிட்டார். அதன் விலை கூடுதல் என்பதால் வாங்குவோர் சிலரே.

உயிரினங்களிடம் இரக்கம் என்றவுடன், தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரையும் பூனையைக் கட்டிப்போட்டுக் கொன்ற பெண்ணையும் பற்றிய ஹதீஸ்களை நம் மிம்பர்கள் எடுத்துரைக்கின்றன. நல்லதே. ஆனால் அத்தோடு நிறுத்திவிடுவது நம் வரலாற்றுக்குச் செய்யும் குறை என்றே நாம் கருதுகிறோம். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ், மறைவு ஹிஜ்ரி 660 / கி.பி. 1262) தம் கவாஇதுல் அஹ்காம் நூலில் மனிதன் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்துகிறார். விலங்கு முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் அதற்குத் தீனி போடுவது, சக்திக்கு மீறிச் சுமத்தாதிருப்பது, அதன் கண்ணெதிரே அதன் குட்டியை அறுக்காதிருப்பது ஆகியன அவற்றுள் சில. உபகாரம் என்று சொல்லாமல் உரிமை என்று அவர் சொல்வது கருதத்தக்கது. உரிமை என்று வந்துவிட்டால், அதைப் பெற்றுத் தர ஓர் அதிகாரி வேண்டும்.

அந்த அதிகாரிதான் முஹ்தஸிப். அங்காடி, தெரு, பட்டறை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைச் சுற்றிவந்து முறைகேடுகளைத் தடுப்பது அவரது பணி. சுல்தான் சலாஹுத்தீன் காலத்தில் ஷாம் நாட்டில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஷ்ஷைஸரீ, முஹ்தஸிபுகளுக்கென நிஹாயத்துர் ருத்பா என்னும் கையேட்டை எழுதினார். விறகும் வைக்கோலும் சுமந்து வரும் விலங்குகள் சந்தைத் திடலில் நின்றவுடன் சுமையை இறக்கிவிட வேண்டும். சுமையோடு நிற்க வைப்பது வதை என்கிறார் அவர். இந்திய அரசு 1965-ல் வகுத்த விதிகள், இழுவை விலங்குகளை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடைவெளியின்றி ஐந்து மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்கின்றன. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 வரை அறவே கூடாது. எட்டு நூற்றாண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இரண்டும் ஒரே மனப்போக்கின் வெளிப்பாடு. விலங்கின் களைப்பை உரிமையாளரின் மனசாட்சியிடம் மட்டும் விட்டுவிட இரண்டுமே மறுக்கின்றன.

தெருவைப் பற்றியும் அக்கையேடு பேசுகிறது. கடைத்திண்ணை பாதையில் நீளக் கூடாது. நடப்போரின் ஆடையைக் கிழிக்கும் முட்சுமையை நெரிசலான அங்காடிக்குள் கொண்டுவரக் கூடாது. ஜும்ஆ நாளில் நம் பள்ளிவாசல்களின் முன் சாலையை அடைத்து நிற்கும் இருசக்கர வாகனங்களை அஷ்ஷைஸரீ கண்டிருந்தால் எந்த அத்தியாயத்தில் சேர்த்திருப்பார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. வழியிலிருந்து இடரை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று உள்ளே உரை நிகழ்ந்துகொண்டிருக்க, வெளியே நோயாளியை ஏற்றி வந்த ஆட்டோ வழியின்றி நிற்கிறது.

சிறுவர்களைப் பற்றிய அத்தியாயமோ இன்று படிப்பவரை வியக்க வைக்கும். ஆசிரியர் எலும்பு முறியும்படியான தடித்த கோலால் அடிக்கக் கூடாது. எருச் சுமப்பது, கல் சுமப்பது போன்ற தம் சொந்த வேலைகளுக்குப் பிள்ளைகளை ஏவக் கூடாது. காலையிலும் மாலையிலும் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர் நம்பிக்கைக்குரியவராகவும் மணமானவராகவும் இருக்க வேண்டும். ஏனெனில் ஆளில்லா இடங்களில் அவர் பிள்ளைகளோடு தனித்திருக்க நேர்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம் நம் நாட்டில் 2012-ல் இயற்றப்பட்டபோது, இத்தகைய பேச்சே நம் பண்பாட்டுக்கு அந்நியம் என்று கூறியவர்கள் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முஸ்லிம் அதிகாரிக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. மக்தபுக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேனை ஓட்டுபவர் யார், அவரைப் பற்றி விசாரித்தவர் யார் என்று கேட்பது, உஸ்தாதுகள் மீது ஐயம் கொள்வதாகாது. அது நம் சொந்த நூலில் உள்ள விதி.

தறிக்குழிக்குத் திரும்புவோம். பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கத்தை, விட்லி தலைமையிலான அரச தொழிலாளர் ஆணையம் 1931-ல் தன் அறிக்கையில் பதிவு செய்தது; அதையடுத்து 1933-ல் அவ்வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1976-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும், 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் வந்தன. பின்னதன் பட்டியலில் துணி நெசவும் இருந்தது. ஆனால் குடும்பத்தினர் துணையோடு நடக்கும் பட்டறைக்கு அச்சட்டம் விலக்களித்தது. காஞ்சியின் தறியோ வீட்டுக்குள் இருப்பது. அண்டை வீட்டுப் பிள்ளையைத் தங்கை மகன் என்றும் அண்ணன் மகள் என்றும் சொல்லிவிட்டால் ஆய்வாளர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

வாசலில் நின்றுவிடும் இந்தச் சிக்கலும் நம் நூல்களுக்குப் புதிதன்று. முஹ்தஸிப் வெளிப்படையான தீமையைத்தான் தடுக்கலாம். வீடுகளுக்குள் துருவி ஆராய்வது, திருக்குர்ஆன் விலக்கிய தஜஸ்ஸுஸ் ஆகிவிடும். இமாம் மாவர்தீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 450 / கி.பி. 1058) தம் அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யாவில் இதை உறுதியாக எழுதுகிறார். ஆனால் ஒரு விதிவிலக்கும் தருகிறார். கைநழுவினால் பின்னர் ஈடுசெய்ய முடியாத கேடு உள்ளே நடப்பதாக நம்பகமானவர் தெரிவித்தால் ஆராய்ந்து தடுக்கலாம்; ஒருவர் மற்றொருவரைக் கொல்வதற்காகத் தனியே அழைத்துச் சென்றிருப்பது அவர் தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. பத்து வயதில் தறியோரம் அமர்ந்த பிள்ளைக்கு அந்தப் பத்தாம் வயதை எவர் ஈடுசெய்வார்? இமாமின் விதிவிலக்கு இங்கும் பொருந்தும் என்பது நம் கருத்து. இதை ஃபத்வாவாகச் சொல்லவில்லை. ஃபத்வா வழங்கும் தகுதியுடையோர் ஆராய வேண்டிய வினாவாக முன்வைக்கிறோம்.

காஞ்சியின் தறிகளில் பெரும்பாலானவை பிற சமூகத்தாருடையவை. நமக்கென்ன என்று வாசகர் சிலர் கேட்கலாம். அத்தறிக்கு நூல் வரும் வழியைப் பின்தொடர்ந்தால் விடை கிடைக்கும். கருநாடகத்தின் ராமநகரம், சிட்லகட்டா போன்ற ஊர்களில் கூட்டைக் கொதிநீரிலிட்டு நூலெடுக்கும் நூற்புக்கூடங்களை நடத்துவோரிலும் அவற்றில் உழைப்போரிலும் முஸ்லிம்கள் மிகப் பலர். வாரணாசித் தறிகளில் அன்ஸாரிகளே பெரும்பான்மை. மேற்சொன்ன 2003 அறிக்கை வெந்நீரில் வெந்த விரல்களைப் பற்றி எழுதியது இத்தகைய கூடங்களைக் குறித்தே. ஆண்கள் பட்டணிவதைத் தவிர்ப்பதில் அவ்வூர்களின் ஜமாஅத்துகள் குறைவைத்திருக்க மாட்டா.

1986-க்குப் பின் நிலை மாறியது உண்மை. தமிழ்நாட்டைப் பொறுத்தே எழுந்த எம்.சி. மேத்தா வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பட்டியலிட்ட தொழில்களில் பிள்ளையை அமர்த்திய முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. 1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் நடைபெற்றன. அத்திட்டம் 2021-ல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2016-ல் செய்யப்பட்ட திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தத் தடை விதித்தது. எனினும் பள்ளி நேரம் போக மீதி வேளையிலும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று வீட்டு வாசலை மீண்டும் திறந்தே வைத்தது. இதற்கிடையே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகள் நெசவாளர் வீட்டு இளைஞர்களை இழுத்துக்கொண்டன.

சின்ன காஞ்சிபுரத்தில் இன்று கோர்வைத் தறியோரம் சிறுவர்களைக் காண்பது அரிதாகிவிட்டது. பல வீடுகளில் கணவர் நெய்ய, சமையலை முடித்துவிட்டு வந்த மனைவி அந்த ஓரத்தில் அமர்ந்து கரை நாடாவை வாங்கித் திருப்பி எறிகிறார். கூலி, முன்போலவே, சேலை ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான்.