தோல் வியாபாரி தித்தின் வீட்டுக் கூட்டம்

வெள்ளைக்காரன் வந்தான், ரொட்டியும் துணியும் கொடுத்தான், சேரி மதம் மாறியது. தலித் கிறிஸ்தவம் பற்றிப் பேச்சு வந்தால் நம் எதிரிகள் மட்டுமல்ல, நம் தோழர்களில் சிலரும் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். மிஷனரி நூல்கள் பலவற்றிலும் இதே கதைதான். அங்கே ரொட்டிக்குப் பதில் வேதம், வில்லனுக்குப் பதில் நாயகன். இரண்டிலுமே தலித்துக்கு வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வேலை இல்லை.

பஞ்சாபில் நடந்தது வேறு. இன்று பாகிஸ்தானில் இருக்கும் சியால்கோட்டில் 1855 முதல் ஓர் அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் மிஷன் இயங்கியது. பதினேழு ஆண்டுகள் உழைத்தும் சேர்ந்தவர்கள் சொற்பம். அவர்கள் கண் முழுக்க மேல்சாதியினர் மீதும் செல்வாக்குள்ள குடும்பங்கள் மீதும்தான் இருந்தது. மேலே இருப்பவன் வந்தால் கீழே இருப்பவன் தானாக வருவான் என்பது கணக்கு. (இந்தக் கணக்கை இன்றும் சில கட்சிகள் போடுகின்றன.)

அவர்கள் கணக்கில் இல்லாதவர்கள் சூஹ்ராக்கள். சாணம் அள்ளுவது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, ஜாட் நில உடைமையாளர்களின் வயலில் வேலை செய்து தானியமாகக் கூலி வாங்குவது என்று வாழ்ந்த தீண்டப்படாத மக்கள். ஊர்க் கோயிலும் மசூதியும் அவர்களுடையது அல்ல. தங்கள் குடியிருப்பிலேயே ஒரு மண் மேடு கட்டி, அதில் விளக்கு வைத்து பாலா ஷாவை வணங்கினார்கள். வீட்டுப் பக்கத்தில், சொந்தக்காரர்களோடு கூடி வழிபடுவது அவர்களுக்குப் புதிதல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1873 ஜூனில் சாமுவேல் மார்ட்டின் என்ற மிஷனரியிடம் தித் என்ற சூஹ்ரா வந்தார். வயது முப்பதை ஒட்டி, கால் ஊனம், ஊர் ஊராகப் போய்த் தோல் வாங்கி விற்பவர். முந்தைய ஆண்டு கிறிஸ்தவரான நட்டு என்ற ஜாட் அவரை அழைத்து வந்திருந்தார். மார்ட்டின் தயங்கினார். மறுக்கக் காரணம் கிடைக்காததால் ஞானஸ்நானம் கொடுத்தார். உடனே தித், நான் என் ஊருக்குத் திரும்புகிறேன் என்றார்.

மார்ட்டின் அதிர்ந்துபோனார். அதுவரை மதம் மாறியவர் ஊரையும் உறவையும் விட்டு மிஷன் வளாகத்துக்குள் வந்துவிடுவதே வழக்கம். அங்கே பாதுகாப்பு உண்டு, படிப்பும் உண்டு. ஆனால் சோற்றுக்கு மிஷனைத்தான் பார்த்திருக்க வேண்டும். தித் அதை வேண்டாம் என்றார். என்னைக் கேட்டால், பஞ்சாப் தலித் கிறிஸ்தவ வரலாறு அந்த ஞானஸ்நானத்தில் தொடங்கவில்லை, இந்த மறுப்பில் தொடங்குகிறது.

ஊரில் வரவேற்பு ஒன்றும் இல்லை. எங்களைக் கேட்காமல் மாறிவிட்டாய், இனி உன்னோடு தண்ணி புழக்கம் கிடையாது என்று சொந்தங்கள் ஒதுக்கி வைத்தன. ஊனமான காலைச் சொல்லியும் சபித்தார்கள். அவர் நகரவில்லை. தோல் வியாபாரத்தையும் விடவில்லை. கேட்டதை முதலில் சொந்த வீட்டில் சொன்னார், பிறகு பக்கத்து வீட்டில். ஆகஸ்டில் தன் மனைவி, மகள், இரண்டு அண்டை வீட்டாரோடு முப்பது மைல் நடந்து சியால்கோட்டுக்கு வந்தார். மார்ட்டின் கேட்ட கேள்விகளுக்கு அவர்கள் பதில் சொன்னார்கள், ஞானஸ்நானம் பெற்றார்கள், வந்த வழியே ஊருக்கு நடந்தார்கள். 1874 பிப்ரவரியில் இன்னும் நான்கு ஆண்கள். அந்த ஊரின் தலித் சபை இப்படித்தான் உருவானது. அதற்குக் கட்டடம் இல்லை, சம்பளம் வாங்கும் போதகர் இல்லை.

பிறகு அது தோல் வியாபாரம் போன வழியிலும், பெண் கொடுத்துப் பெண் எடுத்த வழியிலும் பரவியது. கீழ்சாதி குவிந்தால் மேல்சாதி வராது என்று மிஷனுக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. யாரும் காது கொடுக்கவில்லை. 1900க்குள் சியால்கோட் மாவட்டத்துச் சூஹ்ராக்களில் பாதிக்கு மேல் கிறிஸ்தவர்கள். 1915க்குள் சில நூறு பேர் தவிர அனைவரும். சங்கீதங்களை இமாமுதீன் ஷாபாஸ் பஞ்சாபியில் பாட்டாக்கி, அவை நாட்டு மெட்டுகளில் வந்தபோது, எழுத்து தெரியாத பாட்டியும் பேரனும் சேர்ந்தே பாட முடிந்தது. இன்றும் பாகிஸ்தான் கிறிஸ்தவ வீடுகளில் அந்த சபூர் பாடல்கள் கேட்கின்றன.

நம் பக்கத்திலும் இதற்கு முன்பே இது நடந்திருக்கிறது. தென் திருவிதாங்கூரின் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாம்பவர், சிதம்பரத்துக்குப் புறப்பட்ட பயணத்தில் தஞ்சாவூரில் கிறிஸ்தவத்தைக் கண்டு வேதமாணிக்கமாகத் திரும்பினார். சொந்த வீட்டில் உறவினரைக் கூட்டி ஜெபம் நடத்தினார். 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபோது அவருக்காக ஒரு கூட்டம் ஏற்கனவே காத்திருந்தது. ஆலயம் எழுந்தது 1809இல்தான். அப்படியிருந்தும் அந்தப் பகுதியின் கிறிஸ்தவ வரலாற்றை ரிங்கல்தௌபேயில் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மதம் மாறியதும் விடுதலை வந்துவிட்டதா? வரவில்லை. பாகிஸ்தானில் இன்றும் சாக்கடைக்குள் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்த மக்களின் பேரப்பிள்ளைகள்தான். சாதிப் பெயர் அங்கே கிறிஸ்தவர் மீது எறியும் வசை. இந்தியாவில் 1950 குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவரைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு இவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. சாதியே இல்லாத மதத்துக்குப் போய்விட்டீர்கள் என்பது அரசின் வாதம். சியால்கோட்டில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

இந்தக் கதையை எழுதி வைத்தவர் ஆண்ட்ரூ கோர்டன், அதே மிஷனைச் சேர்ந்தவர், 1886இல் வெளிவந்த நூலில். மார்ட்டின் பெயர் ஒரு கிராமத்துக்கே வைக்கப்பட்டது: மார்ட்டின்பூர். தித்தின் பெயரும் தப்பித்தது. முப்பது மைல் நடந்து வந்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பிய அந்த மனைவி, மகள் இருவரின் பெயரை நான் படித்த எந்தப் பக்கத்திலும் பார்க்கவில்லை.