துங்கைக் கரையில் ஒரு செங்கோட்டைப் பேச்சு

பிறமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் கவலை ஒன்றுண்டு. நம் மக்கள் தமிழ் பேசுவர். அவர்தம் மக்கள் பேசுவரோ என்பதே அது. முப்பது, நாற்பது ஆண்டுகளை எண்ணிக் கவலைப்படும் நமக்கு, நூற்றாண்டுகளால் எண்ண வேண்டிய ஒரு சமூகத்தின் வரலாறு வியப்பைத் தரும். கருநாடகத்தின் ஆற்றங்கரைச் சிற்றூர்களில் வாழும் சங்கேதிகளைப் பற்றியே ஈண்டுக் கூற எண்ணுகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலத்தில் தோன்றும் துங்கையாறு, சிருங்கேரியையும் தீர்த்தஹள்ளியையும் கடந்து சிவமொக்கா நகரைத் தொட்டு, கூடலி என்னும் தலத்தில் பத்திரையோடு கலந்து துங்கபத்திரை ஆகிறது. சிவமொக்காவிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில், அவ்வாற்றின் கரையில் அமைந்த ஊர் மத்தூர். (பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியில் வடைக்குப் பெயர்போன மத்தூர் வேறு, இது வேறு.) எதிர்க்கரையில் அதன் இரட்டைப் பிள்ளை போல ஹொசஹள்ளி நிற்கிறது. பழைய அக்கிரகார அமைப்பும், கோயிலும், வேதபாடசாலையும், ஆற்றில் இறங்கும் படிகளும் உடைய ஊர்கள் இவை. விஜயநகர மன்னர் காலத்துக் கொடையூர்கள் என்பது ஊரார் வழங்கும் மரபு.

ஊரைச் சூழ்ந்து நிற்பது கமுகு. கமுகந்தோட்டம் இன்று நட்டு நாளை விட்டுப் போகும் பயிரன்று. நீர் வேண்டும், ஆனால் வேரில் நீர் தேங்கலாகாது. நட்ட கன்று குலை தள்ள ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதன்பின் ஒரு தலைமுறைக்கும் மேலாகப் பலன் தரும். மரத்தின் மேல் மிளகையும் வெற்றிலையையும் படரவிட்டு, இடையே வாழை வைப்பர். பச்சைப் பாக்கை உரித்து, வேகவைத்து, வெயிலில் உலர்த்திச் சந்தைக்கு அனுப்புவர். வேதம் ஓதுவதோடு தோட்ட வேளாண்மையிலும் தேர்ந்தவர்கள் என்ற பெயர் சங்கேதிகளுக்கு உண்டு. மரமேறுவோரும் உரிப்போருமாகிய பிற சமூகத்தாரின் உழைப்பும் அத்தோட்டங்களில் கலந்திருப்பதைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. மத்தூர் என்பது அக்கிரகாரம் மட்டும் அன்று.

இவர்கள் எங்கிருந்து வந்தனர்? தென்பாண்டிச் சீமையின் செங்கோட்டைப் பகுதியிலிருந்து வந்ததாக இவர்களே கூறுகின்றனர். (செங்கோட்டை என்றதும் தில்லிக் கோட்டையை நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு, குற்றாலத்தை அடுத்த செங்கோட்டையை நாம்தாம் சொல்லித்தர வேண்டும்.) அவ்வூர்ப் பெயரே மருவிச் சங்கேதி ஆயிற்று என்பாரும் உண்டு. இவர்களுடைய மரபுக் கதையில் முதலில் நிற்பவர் நாச்சாரம்மா என்னும் கற்றறிந்த பெண்மணி. பண்டிதர்க்கு விளங்காத பொருளை அவர் விளக்கியதால் பொறாமை மூண்டது என்றும், அவமதிக்கப்பட்ட அவர் ஊரைவிட்டு வெளியேற, அவரை மதித்த குடும்பங்கள் பின்தொடர்ந்தன என்றும் அக்கதை செல்கிறது. கதை பல வடிவங்களில் வழங்குகிறது. நிகழ்ந்தவாறே வந்ததென்று கொள்வதற்கில்லை. ஆயினும், வேதக் கல்வியைத் தலைமேற் கொண்ட ஒரு சமூகம், தன் பயணத்தின் தலைவியாக ஒரு பெண்ணை, அதுவும் புலமைக்காகப் பழிக்கப்பட்ட பெண்ணை நினைவில் வைத்திருப்பது எனக்கு மிகவும் உவப்பானது.

வந்தவர்கள் ஹாசனை அடுத்த கௌசிகாவிலும், மைசூர் மாவட்டத்துப் பெட்டதபுரத்திலும் குடியமர்ந்தனர். பின்னர் தரீகெரே வட்டத்து லிங்கதஹள்ளியில் ஒரு பிரிவு ஏற்பட்டது. இன்றும் கௌசிகச் சங்கேதி, பெட்டதபுரச் சங்கேதி, லிங்கதஹள்ளிச் சங்கேதி என்றே பிரித்து வழங்குவர். ஒவ்வொரு பிரிவின் பேச்சிலும் சிறு சிறு வேறுபாடுகள் உண்டு.

அந்தப் பேச்சுக்குத்தான் வருகிறேன். சங்கேதிக்கு எழுத்தில்லை, எழுத நேர்ந்தால் கன்னட எழுத்தே துணை. செய்தித்தாள்களில் இதனைத் தமிழ், கன்னடம், தெலுங்கு, வடமொழி ஆகியவற்றின் கலவை என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுவது வழக்கம். அவ்விதம் சொல்வது பொருந்தாது என்பது என் கருத்து. சொற்கள் எங்கிருந்தும் வரலாம்; நம் வீட்டுத் தமிழில் இந்திச் சொல் எத்தனை! மொழியின் எலும்புக்கூடு வேறு. சங்கேதியின் எலும்புக்கூடு தமிழும் மலையாளமும் சந்திக்கும் நிலத்துக்கு உரியது. செங்கோட்டை ஆரியங்காவுக் கணவாயின் கிழக்கு வாயிலில் இருக்கிறது. 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்து, அவ்வாண்டு மாநிலச் சீரமைப்பில் திருநெல்வேலி மாவட்டத்தோடு இணைந்து, 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் உள்ளது. அத்தகைய எல்லை நிலத்துப் பேச்சை எடுத்துச் சென்றவர்கள் அதன்மேல் கன்னடத்தையும் வடமொழியையும் போர்த்திக்கொண்டனர். இதற்கிடையே செங்கோட்டைத் தமிழும் தன் வழியே மாறிற்று. ஆகவே இன்று செங்கோட்டைக்காரர் மத்தூர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தால் பேச்சு முழுவதும் விளங்காது. ஆயினும் முற்றிலும் அயலாகவும் ஒலிக்காது.

இத்தனை காலம் அது பிழைத்தது எவ்வாறு? தனித்தனிக் குடும்பமாகச் சிதறாமல் ஊர் ஊராகக் குடியமர்ந்தனர்; கொள்வினை கொடுப்பினை தமக்குள்ளேயே நிகழ்ந்தது; கமுகந்தோட்டம் அவர்களை அதே மண்ணில் கட்டி வைத்தது. பள்ளிக்கூடமும் சந்தையும் கன்னடமாக இருந்தபோதும் அடுக்களை சங்கேதியாகவே இருந்தது. ஹெப்பார் ஐயங்கார் இல்லங்களிலும் மண்டயம் ஐயங்கார் இல்லங்களிலும் தமிழ் நின்றது இம்முறையிலேதான். அவர்களுக்குத் திவ்வியப் பிரபந்தம் என்னும் நூல் கையிலிருந்தது. சங்கேதிகளுக்கு அத்தகைய தமிழ் நூற்றுணையும் கிடையாது. தாய் பேசியதைப் பிள்ளை கேட்டது, அவ்வளவே.

மத்தூரின் பெயர் நாடறிந்தது வேறொரு காரணத்தால். 1981-இல் வடமொழியைப் பேச்சுமொழியாகப் பரப்ப முனைந்தோர் இவ்வூரில் பத்து நாள் பயிற்சி நடத்தினர். ஊரார் ஆர்வத்தோடு கற்றனர். உடுப்பி பேஜாவர் மடாதிபதி விசுவேச தீர்த்தர் வந்து ஊக்குவித்தார். அதுமுதல் மத்தூர் 'சமஸ்கிருத கிராமம்' ஆயிற்று. அம்முயற்சியைக் குறைகூற நான் வரவில்லை. ஓதும் மொழியை உரையாடும் மொழியாக்குவது எளிதன்று. ஆனால் படம்பிடிக்க வருவோர் கற்றுப் பெற்ற மொழியைப் படம்பிடித்துப் போகின்றனரேயன்றி, பெற்றெடுத்த மொழியைக் கேளாமலே போகின்றனர். வடமொழி பேசும் பாற்காரரைத் தேடியலைவோரின் காதில், கொல்லைப்புறத்திலிருந்து தாய் மகனை அழைக்கும் சொல் விழுவதில்லை.

கன்னடத்துக்கு இவர்கள் செய்த தொண்டும் பெரிது. காவியத்தை இராகத்தோடு ஓதி விளக்கும் கமகக் கலையில் மத்தூரும் ஹொசஹள்ளியும் புகழ்பெற்றவை. ஹொசஹள்ளியைச் சேர்ந்த கமகி எச். ஆர். கேசவமூர்த்தி குமாரவியாசரின் கன்னட பாரதத்தை ஓதுவதில் வல்லவர். 2022-இல் பத்மஸ்ரீ பெற்று, அவ்வாண்டிலேயே மறைந்தார். காவிரிக்கரையில் உள்ள சங்கேதி ஊராகிய ருத்ரபட்டணமோ இசைவாணர்களின் ஊர். அங்குப் பிறந்த ஆர். கே. ஸ்ரீகண்டனுக்குச் சென்னை மியூசிக் அகாதமி 1995-இல் சங்கீத கலாநிதி விருதளித்தது. தெற்கிலிருந்து சென்ற குடியின் வழிவந்தவரைத் தெற்கே அழைத்துப் பாராட்டியது அது. அவையில் எத்தனை பேர் அதை எண்ணிப் பார்த்தனரோ!

இப்பொழுது தோட்டத்தின் பிடி தளர்ந்திருக்கிறது. இளைஞர்கள் படித்துப் பெங்களூருக்கும் கடல் கடந்தும் செல்கின்றனர். கலப்பு மணங்கள் நிகழ்கின்றன. பேரப்பிள்ளைகளோடு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பேசுவது எளிதாகிவிட்டது. அடுக்களைச் சூழலை நம்பி நின்ற மொழிக்கு இது பேரிடர்.

எண்ணிக்கையிலும் அதற்கு இடமில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் பதினாயிரம் பேருக்குக் குறையாமல் தாய்மொழியாகப் பதிந்த பெயர்களே தனித்து அச்சாகின்றன. 2011-ஆம் ஆண்டு அட்டவணையில் தமிழ் என்னும் தலைப்பின்கீழ்க் கைக்காடி, கொரவா, எருகுலா முதலிய பெயர்கள் உண்டு, சங்கேதி இல்லை. அரசுப் படிவங்களோடே காலம் கழிக்கும் என்னைப் போன்றோர்க்கு இதன் காரணம் எளிதில் புலப்படும். வீட்டுக்கு வருபவர் கன்னடத்தில் வினவுவார். கன்னடத்திலேயே விடை வரும். தாய்மொழி என்ற கட்டத்தில் 'கன்னடம்' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். கணக்கெடுப்போர்க்குத் தரப்படும் விதியோ வேறு: ஒருவரின் குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவரிடம் எம்மொழியில் பேசினாரோ அதுவே அவர் தாய்மொழி என்று பதிய வேண்டும். அவ்விதிப்படி வினவினால் மத்தூர்த் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர் சொல்ல வேண்டிய விடை சங்கேதி.