ஹிப் ஹாப் மேடைக்கு எந்த பேஸ் கிட்டார்? கூடவே கொஞ்சம் வரலாறு

"ஹிப் ஹாப்புக்கு எதுக்குய்யா பேஸ் கிட்டாரு? அதான் லேப்டாப்புலயே எல்லாம் இருக்கே!"

சென்னையில் பேஸ் வாங்கக் கிளம்பும் எவனும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போகணும். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல 1979க்குப் போகணும்.

அந்த வருஷம் ஷிக் குழுவோட 'குட் டைம்ஸ்' வந்தது. பேஸ் வாசிச்சவர் பெர்னார்ட் எட்வர்ட்ஸ், கையில் மியூசிக் மேன் ஸ்டிங்ரே. அதே வருஷம் சுகர்ஹில் கேங் அந்த பேஸ் மேலேயே பேசிப் பாடின 'ராப்பர்ஸ் டிலைட்' வெளியாச்சு. உலகம் முழுக்க ஹிட்டான முதல் ராப் பாட்டு. ரெக்கார்டிலிருந்து துண்டு வெட்டி ஒட்டுற சாம்ப்ளர் அப்ப புழக்கத்துக்கு வரலை. அதனால இசைக்கலைஞர்களை ஸ்டுடியோவில் உட்காரவைத்து எட்வர்ட்ஸின் பேஸை அப்படியே திரும்ப வாசிக்க வைத்தார்கள். பாட்டின் நீள வடிவம் கிட்டத்தட்ட 15 நிமிஷம்! பின்னாடி பஞ்சாயத்தாகி, எட்வர்ட்ஸ் பேரும் நைல் ராட்ஜர்ஸ் பேரும் பாட்டில் சேர்ந்தது தனிக்கதை.

ஆக, ராப் வெளியுலகத்துக்கு வந்ததே ஒரு மனுஷனோட விரல் மேல ஏறித்தான்.

நம்ம ஊர்க் கதையும் ஏறக்குறைய இதேதான். மலேசியாவின் யோகி பி - நட்சத்ரா 2006ல் 'வல்லவன்' ஆல்பம் போட்டாங்க. அதில் எல்லாரையும் கட்டிப்போட்ட 'மடை திறந்து', நிழல்கள் (1980) படத்தின் இளையராஜா பாட்டு மேல கட்டினது. அமெரிக்கப் பையன்களுக்கு ஷிக்னா, நமக்கு ராஜா.

ராஜா குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். பயணங்கள் முடிவதில்லை, ரெட்டை வால் குருவி மாதிரி படங்களின் பாட்டுகளை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்க. பாடகருக்குப் பக்கத்திலேயே பேஸ் இன்னொரு மெட்டைப் பாடிக்கிட்டுப் போகும். ஆனா கேசட் அட்டையில் பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பேர்தான் இருக்கும். பேஸ் வாசிச்சவர் பேரைத் தேடினா கிடைக்காது.

அப்புறம் மெஷின் வந்தது. 1980ல் ரோலண்ட் கம்பெனி 808 ரிதம் பெட்டியைக் கொண்டு வந்தது. அதோட கிக் சத்தத்தை இழுத்து நீட்டினா அதுவே பேஸ். ஹிப் ஹாப் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. இங்கே ரோஜாவுக்கு (1992) அப்புறம் கீபோர்டு, கம்ப்யூட்டர் பேஸ் பெருகிச்சு. ஆனாலும் ரஹ்மானே எத்தனையோ பாட்டுக்குச் சென்னையின் கீத் பீட்டர்ஸை பேஸோடு கூப்பிட்டார். தி.நகர், மயிலாப்பூர் கல்யாண மண்டபக் கச்சேரிகளில் பல சமயம் கீபோர்டுக்காரரின் இடது கைதான் பேஸ். ஒரு ஆள் சம்பளம் மிச்சம் பாருங்க :-)

மேடை ஹிப் ஹாப்பில் மனுஷ பேஸை நிலைநிறுத்தினதில் பிலடெல்பியாவின் 'தி ரூட்ஸ்' குழுவுக்குப் பெரிய பங்கு. 2007 வரை அங்கே வாசித்தவர் லியோனார்ட் ஹப்பார்ட். சென்னையில் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறினப்ப கானா, ராப், ராக் மூணும் ஒண்ணா நின்னது. பக்கத்தில் சட்டி, கட்ட மோளம், தோலக்.

கிட்டார் தேர்வு இங்கேதான் ஆரம்பிக்குது. அடியில் மோளமும் கிக்கும் ஏற்கெனவே இடம் பிடிச்சிருக்கு. மேலே ராப்பரோட வார்த்தை தெளிவா கேட்கணும். நடுவில் இருக்கிற சந்துதான் பேஸுக்கு.

ஸ்டிங்ரே (1976) 'குட் டைம்ஸ்' சத்தம் கொடுக்கும். பளிச்னு இருக்கும். ஆனா உள்ளே 9 வோல்ட் பேட்டரி, பாதிப் பாட்டில் தீர்ந்தா கோவிந்தா. ஜாஸ் பேஸ் (1960) விதவிதமா டோன் தரும். ஆனா ஒரு பிக்கப்பை மட்டும் ஏத்தி வாசிச்சா, எர்த்திங் சரியில்லாத மேடையில் 'ங்ங்ங்'னு இரைச்சல். அஞ்சு கம்பி பேஸின் கீழ்க்கம்பி 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், நாலு கம்பிக்கு 41. 808 ஆழம் வேணும்னா அஞ்சுதான். ஆனா சின்ன ஹால் ஸ்பீக்கருக்கு அந்த 31 வெளியே வரவே வராது. காசு கொடுத்தும் கேட்காத சத்தம்!

என் ஓட்டு ப்ரிசிஷன் பேஸுக்கு. லியோ ஃபெண்டர் 1951ல் செய்தது. 1957ல் பிக்கப்பை ரெண்டாப் பிளந்து, ஒண்ணோட இரைச்சலை இன்னொண்ணு அடிக்கிற மாதிரி மாத்தினார். நம்ம ஊர் கரண்டுக்காகவே பண்ணின மாதிரி இருக்கும். பேட்டரி வேண்டாம். சத்தம் தடியா, சரியா அந்தச் சந்தில் உட்காரும். ஃபெண்டர் விலை கட்டுப்படியாகலைன்னா அதன் தம்பி ஸ்குவையர் போதும். ஃப்ளாட்வவுண்ட் கம்பி போட்டா பழைய சோல் ரெக்கார்டு வாசனை வரும். மோட்டவுனின் ஜேம்ஸ் ஜேமர்சன் அந்தக் கம்பியோடுதான் வாசித்தார்.

1842ல் தொடங்கின அண்ணா சாலை மியூசி மியூசிக்கலோ, வேறெந்தக் கடையோ, போனதும் ட்ரஸ் ராடு திரும்புதான்னு கேளுங்க. அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் கடல் காத்துக்கு கழுத்து வளையும், கம்பி துருப்பிடிக்கும்.

கடைசியா ஒண்ணு. மயிலாப்பூர் சபாக்களில் மிருதங்க வித்வான் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவார். அந்த 'கும்' வரணும்னுதான். பாடகரைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு அது கண்ணில் படாது. ஆனா அது இல்லைன்னா கச்சேரி அந்தரத்தில் நிக்கும். பேஸ்காரன் வேலையும் அதுதான். நாலே நாலு சுரத்தை 15 நிமிஷம் மாத்தாம, அலுக்காம வாசிக்கிறது. லேப்டாப்பும் வாசிக்கும். ஆனா ராப்பர் ஒரு வரியை இழுத்துப் பிடிச்சா கூடவே காத்திருக்க அதுக்குத் தெரியாது.

எந்த கிட்டார் வாங்கினாலும் வாங்குங்க. மேடையில் அறிமுகம் பண்ணும்போது பேஸ் வாசிக்கிறவர் பேரை மட்டும் விட்டுடாதீங்க மக்களே.