மருத்துவமா, வணிகமா? தோட்டத்து வரலாறு சொல்லும் பாடம்



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் என் வீட்டு வாசலில் முன்னாள் மாணவர்களின் காலணிகள் சேர்ந்துவிடுவது வழக்கம். அண்மையில் ஒரு மாணவி தன் பெற்றோருடன் வந்திருந்தாள். ஆறாம் ஆண்டில் என் வகுப்பில் படித்தவள். தந்தை லாரி ஓட்டுநர். தாயார் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் இன்று இரப்பர் மரங்களும் இல்லை, லயங்களும் இல்லை. செம்பனையும் வீடமைப்புத் திட்டமும் அவ்விடத்தைப் பங்கிட்டுக் கொண்டன.

“சார், பிள்ளைக்கு நல்ல தேர்ச்சி. டாக்டருக்குப் படிக்க வைக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். அவளோ வணிகமும் பிடிக்கிறது என்கிறாள். எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?” என்று தந்தை கேட்டார். ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து ஒரு தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டவும் அவர் ஆயத்தமாக இருந்தார்.

உடனே விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இக்கேள்விக்குப் பின்னால் நூறாண்டு வரலாறு இருக்கிறது. அதை அறிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிதாகும் என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டிலேயே இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் பெருகியபோது, காடழிக்கவும் பால் மரம் சீவவும் நம் முன்னோர் வந்தனர். அவர்களை வாட்டியவற்றுள் முதன்மையானது மலேரியாக் காய்ச்சல். அக்காலத்தில் தோட்டத்து மக்கள் அறிந்த ‘டாக்டர்’, மருந்துக் கொட்டகையில் கொயினா கொடுத்த டிரஸ்ஸர்தான். பட்டம் பெற்ற மருத்துவர் பட்டணத்திலிருந்து எப்போதாவது வந்து போவார். உயிரைக் காப்பவர் என்ற மதிப்பு டிரஸ்ஸருக்கு இருந்தது. வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டாத வேலையும் அவருக்கு இருந்தது. “என் பிள்ளை டாக்டராக வேண்டும்” என்னும் ஆசை அந்தக் கொட்டகை வாசலில் காத்திருந்த தாய்மாரிடம் பிறந்தது என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் அந்த ஆசைக்குப் பாதை இல்லை. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்குமான மருத்துவப் பள்ளி 1905ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கியது. பின்னர் அது ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. அங்கே நுழைய ஆங்கிலக் கல்வி வேண்டும். ஈப்போவில் 1895இல் தொடங்கிய ஆங்கிலோ சீனப் பள்ளி, 1909இல் தொடங்கிய ஆண்டர்சன் பள்ளி, 1912இல் தொடங்கிய செயின்ட் மைக்கல் பள்ளி ஆகியவை அக்கல்வியை அளித்தன. தோட்டத்துப் பிள்ளைக்கோ 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி தோட்ட நிருவாகம் நடத்திய தமிழ்ப்பள்ளியே கிட்டியது. அங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் படிக்கட்டு எதுவும் கட்டப்படவில்லை.

இனி மற்றொரு பாதையைப் பார்ப்போம். தோட்டத்தில் வணிகம் என்றால் கடன் கணக்கு எழுதும் மளிகைக் கடை. பட்டணத்தில் வணிகம் என்றால் வட்டிக்குப் பணம் கொடுக்கும் செட்டியார் கிட்டங்கி. சம்பள நாளன்று பாதிச் சம்பளத்தைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தவருக்கு வணிகத்தின் மீது எப்படி மதிப்பு வரும்? மருத்துவர் கொடுப்பவர், வணிகர் எடுப்பவர் என்ற எண்ணம் இப்படித்தான் நம் மனத்தில் பதிந்தது. இன்று பெற்றோர் ‘பிசினஸ்’ என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பதற்கு இப்பழைய நினைவும் ஒரு காரணம்.

இந்த எண்ணத்தை மாற்றிக் காட்டியவர் நம் பேராக் மண்ணின் மைந்தரே. துன் வீ.தி.சம்பந்தன் 1919ஆம் ஆண்டு சுங்கை சிப்புட்டில் பிறந்தார். கோலகங்சார் கிளிப்பர்ட் பள்ளியிலும், பின்னர்த் தமிழ்நாட்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். சுதந்திர மலாயாவில் 1957 முதல் 1959 வரை சுகாதார அமைச்சராகவும் பணியாற்றினார். எனினும் தோட்டத்து மக்கள் அவரை நினைவுகூர்வது வேறொரு செயலுக்காக. 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோயின. இதைத் ‘தோட்டத் துண்டாடல்’ என்பர். அந்நோய்க்கு மருந்து மருத்துவமனையில் கிடைக்காது. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளி எனத் தொழிலாளரிடம் பங்குப்பணம் திரட்டி, மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பால் மரம் சீவியவர் தோட்டத்தின் பங்குதாரர் ஆனார். கணக்கும் முதலும் நிருவாகமும் அறிந்தவர் மக்களைக் காக்க முடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

இரண்டு பாதைகளிலும் ஒருவரே நடந்த கதையும் உண்டு. நம் நாட்டு மருத்துவர் பலர் பயின்ற மணிப்பால் கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியை 1953இல் நிறுவிய டி.எம்.ஏ.பாய் ஒரு மருத்துவர். அவரே 1925ஆம் ஆண்டு வேறு இருவரோடு சேர்ந்து உடுப்பியில் ஒரு வங்கியையும் தொடங்கினார். பிற்காலத்தில் அது சிண்டிகேட் வங்கி எனப்பட்டது. 1928இல் வீடு வீடாகச் சென்று நாள்தோறும் இரண்டணா சேமிப்புத் திரட்டும் திட்டத்தை அவ்வங்கி கொண்டுவந்தது. சம்பந்தனும் பாயும் 1979ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். ஏழையின் சிறுகாசு ஒன்று சேர்ந்தால் தோட்டமும் வாங்கலாம், வங்கியும் நடத்தலாம் என்று இருவரும் கண்டிருந்தனர்.

இன்றைய நிலை என்ன? பாதை இல்லாத காலம் போய், பாதைகள் மிகுந்த காலம் வந்துவிட்டது. ஈப்போவிலேயே அரச பேராக் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கம்பாரில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகம் வணிகத் துறைகளைக் கற்பிக்கிறது. 2001இல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட், கெடாவில் மருத்துவம், வணிகம் இரண்டையும் ஒரே வளாகத்தில் வைத்திருக்கிறது. ஆனால் மருத்துவப் பட்டம் பெற்றதும் நிரந்தர அரசாங்க வேலை என்ற பழைய உறுதி தளர்ந்துவிட்டது. 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் நியமிக்கப்பட்டனர். 2021 ஜூலை 26ஆம் நாள் ஒப்பந்த மருத்துவர்கள் நாடெங்கும் மருத்துவமனைகளிலிருந்து வெளிநடப்புச் செய்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ஐந்தாண்டுப் படிப்பு, ஈராண்டுப் பயிற்சிப் பணி, அதன் பின்னரும் காத்திருப்பு என்பதைக் கணக்கிட்டே கடன் வாங்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, அக்குடும்பத்திடம் மூன்று கருத்துகளை முன்வைத்தேன். முதலாவது, மனம் உறுதியாகாத பிள்ளைக்குத் திரும்ப முடியாத பாதையில் முன்பணம் கட்டாதீர்கள். உயிரியலும் வேதியியலும் படித்தவர் பின்னர் வணிகத்திற்கு மாறலாம். அவற்றைக் கைவிட்டவர் மருத்துவத்திற்குத் திரும்புவது அரிது. அரசாங்கப் பள்ளியில் ஆறாம் படிவ அறிவியல் பிரிவு மூன்று தவணைகளே, செலவும் குறைவு. இரு கதவுகளும் திறந்தே இருக்கும். இரண்டாவது, எந்த மருத்துவக் கல்லூரியானாலும் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரம் உண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்றாவது, முடிவெடுக்கும் முன் பிள்ளை ஒருநாள் மருத்துவமனையில் பணிபுரியும் ஒருவரோடும், ஒருநாள் கடை நடத்தும் ஒருவரோடும் அமர்ந்து பேசட்டும்.

தாயார் அதுவரை பேசாமல் இருந்தவர், “எங்கள் அப்பாவும் அந்தப் பத்து வெள்ளி கட்டினார், சார்” என்றார். மகள் அவரை வியப்போடு திரும்பிப் பார்த்தாள். பாட்டன் ஒரு பங்குதாரர் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. தந்தை முன்பணம் கட்டுவதைத் தள்ளிவைத்தார். மாணவி இப்போது ஆறாம் படிவத்தில் உயிரியல் படிக்கிறாள். வார இறுதியில் தன் மாமாவின் கடைக் கணக்கை எழுதுகிறாள். எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

பெற்றோர்களே, தோட்டத்துப் பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை எளிதில் வந்ததன்று. கிடைத்த அவ்வுரிமையை அவசரத்தில் பயன்படுத்த வேண்டாம். ஆசிரிய நண்பர்கள் தங்கள் மாணவர்க்குச் சம்பந்தனின் கதையை ஒருமுறையேனும் சொல்லுங்கள்.