சந்தைக்கு வராத இறைச்சி



அமெரிக்காவில் குடியேறிய நம் பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "ஐயா, பக்கத்து வீட்டுக்காரர் மான் கறி ஒரு பொட்டலம் கொடுத்தார். நம் ஊரில் இதற்குச் சிறைத்தண்டனை. இங்கே சாதாரணமாக வீட்டில் சமைக்கிறார்கள். ஆனால் கடையில் தேடினால் கிடைக்கவில்லை. ஏன் இப்படி?"

விடையைத் தேட நாம் முதலில் இங்கிலாந்துக்குப் போக வேண்டும். 1066க்குப் பின் அங்கே ஆட்சிக்கு வந்த நார்மன் அரசர்கள் பெரும் காடுகளைத் தம் வேட்டைக்கென ஒதுக்கிக்கொண்டார்கள். மான் என்றால் அரசனுக்கும் பிரபுக்களுக்கும் உரியது. ஏழை தொட்டால் குற்றம். 1723இல் வந்த 'பிளாக் ஆக்ட்' என்ற சட்டம், முகத்தில் கரி பூசி மாறுவேடத்தில் மான் திருடியவர்களுக்குத் தூக்குத் தண்டனை வரை விதித்தது. மான் கறி அங்கே பணக்காரர் மேசையின் அடையாளம்.

அந்த நாட்டிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் அமெரிக்காவில் கண்டது வேறு உலகம். அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு மான்தான் உணவு, உடை, கருவி எல்லாம். 1621இல் பிளிமத் குடியேற்றத்தில் நடந்த அறுவடை விருந்தைப் பற்றி எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதம் இருக்கிறது. வாம்பனோக் மக்களின் தலைவர் மாசசோயிட் தொண்ணூறு பேருடன் வந்தார். அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்கிறது அது. இன்று 'தேங்க்ஸ்கிவிங்' என்றாலே வான்கோழி நினைவுக்கு வருகிறது. அதன் மூலமாகச் சொல்லப்படும் அந்த விருந்தில் மான் கறி இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்றே உண்டு.

பின்னர் வந்தது 19ஆம் நூற்றாண்டு. ரயில் வந்தது, நகரங்கள் பெருத்தன. காட்டில் சுட்ட மான் மூட்டை மூட்டையாக நகரச் சந்தைக்குப் போனது. வீட்டுத் தேவைக்குச் சுட்டவன் வயிறு நிறைந்ததும் நிறுத்தினான். விலைக்குச் சுட்டவனுக்கு நிறுத்தக் காரணமே இல்லை. காடுகளும் வயல்களாயின. 1900 வாக்கில் வெள்ளைவால் மான்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 5 லட்சமோ அதற்கும் குறைவோதான் மிஞ்சின. ஒஹாயோ, இந்தியானா போன்ற மாநிலங்களில் அநேகமாக அற்றே போயின.

அப்போதுதான் அந்த நாடு விழித்துக்கொண்டது. 1900இல் 'லேசி சட்டம்' வந்தது. ஒரு மாநிலத்தில் சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை இன்னொரு மாநிலத்தில் விற்பது குற்றமானது. மாநிலங்களும் காட்டு மான் இறைச்சி விற்பனைக்குத் தடை போட்டன. வேட்டைக்கு உரிமம், பருவம், எண்ணிக்கை என்று வரம்பு வந்தது. 1937இல் வந்த இன்னொரு சட்டம், துப்பாக்கி, தோட்டா வரிப் பணத்தை வனவிலங்குப் பராமரிப்புக்குத் திருப்பியது. மான் அற்றுப்போன மாநிலங்களுக்கு வேறிடங்களிலிருந்து பிடித்துக் கொண்டுபோய் விட்டார்கள். இன்று அங்கே வெள்ளைவால் மான்கள் சுமார் 3 கோடி.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு விடை. வேட்டையாடலாம், உண்ணலாம், கொடுக்கலாம், விற்கக் கூடாது. அதனால்தான் அது கடைக்கு வராமல் வீட்டு உறைபெட்டிக்கு வருகிறது. உணவகங்களில் கிடைப்பது பெரும்பாலும் பண்ணையில் வளர்த்த மான். அதில் பெரும்பங்கு நியூசிலாந்திலிருந்து வருகிறது. ஒரு மானில் 20 கிலோ அளவுக்குக் கறி தேறும். ஒரு குடும்பம் குளிர்காலம் முழுவதும் சமைத்து, அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கும். பல மாநிலங்களில் ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்கும் போகிறது.

சமையலும் அதற்கேற்பவே அமைந்தது. மான் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. இருக்கும் கொழுப்பும் ஆறினால் மெழுகாக வாயில் ஒட்டும். அதை வெட்டி எறிந்துவிடுவார்கள். முதுகெலும்பை ஒட்டிய மென்சதையை வெண்ணெயில் சட்டென்று வாட்டுவார்கள். தொடை, தோள் கறியை மணிக்கணக்கில் சிறுதீயில் வேகவைப்பார்கள். மற்றதைக் கொத்துக்கறியாக்கி, பன்றிக் கொழுப்பு சேர்த்து, பீன்ஸ் போட்ட 'சில்லி', 'ஸ்பகெட்டி' என்று அன்றாடச் சாப்பாட்டில் சேர்ப்பார்கள். உலர்த்திய 'ஜெர்க்கி' நம் உப்புக்கண்டத்தின் உறவுதான். நம் மிளகுக் குழம்புக்குத் தோள்கறி பொருந்தும்; ஆட்டுக்கறியைவிடக் கூடுதல் நேரம் வேகட்டும், நல்லெண்ணெயும் தேங்காய்ப் பாலும் கொழுப்புக் குறையை ஈடுகட்டும்.

ஓர் எச்சரிக்கை. மான்களுக்குச் சி.டபிள்யூ.டி. என்றொரு மூளை நோய் உண்டு. 1967இல் கொலராடோவில் முதலில் தென்பட்டது, இன்று பல மாநிலங்களில் இருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. ஆனால் வேகவைத்தாலும் அந்த நோய்க்கூறு அழியாது. ஆகவே கொடுத்தவரிடம், "எந்தப் பகுதி மான், சோதித்தீர்களா?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

"அப்படியானால் நம் நாட்டிலும் அனுமதிக்கலாமே" என்று சிலர் கேட்பீர்கள். கூடாது என்பதே என் கருத்து. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் மனிதன் ஏறக்குறைய ஒழித்துவிட்டான். அவை தின்ற மானை இன்று அவன் தின்கிறான். அப்படியும் மான்கள் பெருகிப் பயிரை அழிக்கின்றன, சாலையில் வண்டிகளில் மோதுகின்றன. நம் காடுகளில் புலியும் சிறுத்தையும் செந்நாயும் இன்னும் இருக்கின்றன. புள்ளிமானும் கடமானும் அவற்றின் சோறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தச் சோற்றைத்தான் காக்கிறது. ஊரில் யாராவது ரகசியமாக மான் கறி என்று நீட்டினால் வாங்காதீர்கள்.

சட்டங்கள் வேறு, காடுகள் வேறு. பாடம் ஒன்றுதான்: வயிற்றுக்கு ஓர் அளவு உண்டு, சந்தைக்கு இல்லை. அங்கே மானைக் காப்பாற்றியது உண்ணாதே என்ற விதி அல்ல, விற்காதே என்ற விதி.

அமெரிக்காவில் இருப்பவர்கள் எப்படிச் சமைத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். நலமாக இருங்கள்.